மஞ்சீரா நீரும் மொட்டை மாடிக் கொடியும்: ஹைதராபாத் வீடுகளில் துணி துவைப்பு

ஹைதராபாத்தில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர் காதில் முதலில் விழும் சொற்களில் ஒன்று 'மஞ்சீரா'. தரகர் கதவைத் திறந்ததும் நேரே சமையலறைக்கு அழைத்துப் போய் இரண்டு குழாய்களைக் காட்டுவார். ஒன்று மஞ்சீரா, இன்னொன்று போர், அதாவது ஆழ்துளைக் கிணற்று நீர். மஞ்சீரா ஆற்றிலிருந்து 1960களில் நகருக்குத் தண்ணீர் வரத் தொடங்கியது. பிறகு கிருஷ்ணா வந்தது, கோதாவரி வந்தது. ஆனாலும் குடிநீர் வாரியம் தரும் எந்தத் தண்ணீருக்கும் இந்த ஊர்க்காரர்கள் வாயில் இன்றுவரை பெயர் மஞ்சீராதான். குடிக்க, சமைக்க அந்தக் குழாய். குளிக்க, கழுவ, துவைக்க மற்றக் குழாய். நான் பார்த்த வீடுகளில் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது குழாய்.

சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் கொண்டாப்பூர், நல்லகண்ட்லா, மியாப்பூர் பக்கம் குடிவரும் நம் குடும்பங்கள் சிகந்திராபாத்தில் நெடுநாள் வாழ்ந்த எங்களைப் போன்றவர்களிடம் கேட்கும் கேள்விகளில் இது தவறாமல் வரும்: எந்த மெஷின் வாங்குவது, டிரையரும் வேண்டுமா? கடைக்காரர் இதற்கு ஒரு நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவார். உண்மையான பதிலுக்குத் தண்ணீர், மின்சாரம், துணி, வெயில், வீட்டில் யார் குனிந்து நிமிர்கிறார்கள் என்பது எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். இவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்து நான் வந்து சேர்ந்த முடிவைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் தண்ணீர். தக்காணத்தின் கருங்கல் பாறைமேல் உட்கார்ந்திருக்கும் ஊர் இது. பாறை வெடிப்புகளில் தேங்கிய நீரைத்தான் போர்கள் உறிஞ்சுகின்றன. அதில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் கரைந்திருக்கும். இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. நகரின் பல போர்களின் நீர் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் நிற்கிறது. சோப்பை நுரைக்க விடாமல் திரித்திரியாகப் பிரிய வைப்பது இந்த உப்புகள்தான். டிடர்ஜென்ட் தூள் சோப்பைவிடத் தாக்குப்பிடிக்கும். ஆனாலும் அதன் வலுவில் ஒரு பங்கு அழுக்கை விட்டுவிட்டு உப்போடு மல்லுக்கட்டுவதிலேயே தீர்ந்துபோகிறது. வெள்ளைச் சட்டை ஆறு மாதத்தில் சாம்பல் பூத்தாற்போல் ஆவதும், துண்டு அட்டைபோல் விறைப்பதும் இதனால்தான். மெஷின் சரியில்லை என்று திட்டுவோம். குற்றம் குழாயில் இருக்கும்.

எங்கள் வீட்டு ஃப்ரண்ட் லோடு மெஷின் மூன்றாம் வருடம் 60 டிகிரியில் ஓடும்போது நேரத்தை நீட்டிக்கொண்டே போனது. பழுது பார்க்க வந்த இளைஞர் மூடியைக் கழற்றி ஹீட்டரை உருவிக் காட்டினார். சுண்ணாம்பில் முக்கியெடுத்த சுள்ளிபோல் இருந்தது. திருப்புளியின் பிடியால் மெல்லத் தட்டினார். முட்டை ஓடு மாதிரி பொரிப்பொரியாக உதிர்ந்தது. உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தேன். மூன்று வருடத் தண்ணீரின் கல் அது. அந்தக் கல்லைத் தாண்டித்தான் வெப்பம் நீருக்குப் போக வேண்டியிருந்தது, அதற்கான மின்கட்டணத்தை மாதாமாதம் நாங்கள் கட்டியிருக்கிறோம்.

மருந்து எளியது. எலுமிச்சை உப்பு என்று நாம் சொல்லும் சிட்ரிக் அமிலம் இங்கே 'நிம்ம உப்பு' என்று மளிகைக் கடையிலேயே கிடைக்கும். மெஷினோடு வந்த புத்தகம் தடுக்காவிட்டால், மாதம் ஒருமுறை நூறு கிராம் போட்டுத் துணியில்லாமல் சூட்டு நீரில் ஓட்டினால் படிவு சேராது. கதவைச் சுற்றியுள்ள ரப்பர் மடிப்பைத் துடைத்து, கதவைக் கொஞ்சம் திறந்தே வைத்தால் பூஞ்சை வாடை வராது. குழாயில் மாட்டும் சிறு வடிகட்டி மண்ணைத் தடுக்கும், கடினத்தைக் குறைக்காது. அதற்கு ரெசின் நிரப்பிய கருவி வேண்டும். இரண்டையும் ஒன்றென்று நினைத்து வாங்கி ஏமாந்தவர்கள் பலர். இன்னொன்று, தூளின் அளவு. கடினநீருக்குச் சற்றுக் கூட வேண்டும் என்பது உண்மை. ஆனால் நுரை பொங்கினால்தான் வெளுக்கும் என்பது கல்லில் அடித்துத் துவைத்த காலத்தின் கண்பழக்கம். ஃப்ரண்ட் லோடு மெஷினுக்குள் நுரை மிஞ்சினால் துணி துணிமேல் விழுந்து அடிபடுவதை நுரையே மெத்தைபோல் தடுத்துவிடும். அழுக்கு போவது குறையும்.

மெஷினின் வகைக்கு வருவோம். ஏழு கிலோ ஃப்ரண்ட் லோடு ஒரு துவைப்புக்கு ஏறக்குறைய 50, 60 லிட்டர் குடிக்கும். அதே அளவு டாப் லோடு நூறைத் தாண்டும், பல மாதிரிகள் 120ஐத் தொடும். வாரம் நான்கு துவைப்பு, ஒவ்வொன்றிலும் 60 லிட்டர் மிச்சம் என்று வைத்தால் வருடத்துக்கு ஒரு வீட்டில் பன்னிரண்டாயிரம் லிட்டருக்கு மேல். நூறு வீடுகள் கொண்ட அடுக்ககத்தில் அது 5,000 லிட்டர் டேங்கர் லாரிகளில் 250 வண்டி. 2024 கோடையில் டேங்கருக்காகக் காத்துக் கிடந்தவர்களுக்கு இந்த எண்ணின் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை. 2021 ஜனவரியிலிருந்து மீட்டர் பொருத்திய வீடுகளுக்கு மாதம் 20,000 லிட்டர் குடிநீர் இலவசம் என்ற திட்டம் இருக்கிறது. பணம் கட்டாமல் வந்தாலும் அது பக்கத்தில் ஊறிய நீரில்லை. கிருஷ்ணாவும் கோதாவரியும் நூறு கிலோமீட்டருக்கு மேல் குழாயில் ஓடி, மேடேறி, மின்சாரத்தால் தூக்கப்பட்டு இந்தப் பீடபூமிக்கு வருகின்றன.

ஆனாலும் செமி ஆட்டோமேட்டிக் மெஷினைப் பழையது என்று ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும் பகுதிகள் இந்நகரில் இன்னும் பல. அங்கே குழாய் அழுத்தத்தை நம்பாமல் வாளியால் ஊற்றித் துவைக்கலாம். வெள்ளைத் துணி துவைத்த சோப்புத் தண்ணீரிலேயே அடுத்துக் கலர்த் துணியையும், கடைசியில் மிதியடியையும் போடலாம். தண்ணீரை மதிக்கத் தெரிந்த ஒரு பெண்ணின் கையில் அந்த இரட்டைத் தொட்டி மெஷின் விலையுயர்ந்த மெஷினைவிடக் குறைந்த நீரில் வேலையை முடிக்கும். கூடுதல் உழைப்பு அவளுடையது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

துவைத்து வெளியேறும் நீர் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1908 செப்டம்பர் 28 அன்று ஊரையே அடித்துச் சென்ற மூசி ஆறு, அதன் பிறகு கட்டப்பட்ட உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் அணைகளுக்குக் கீழே இன்று பெரும்பாலும் சாக்கடையைத்தான் சுமக்கிறது. குகட்பள்ளிப் பக்கம் தரணி நகரில் மழை பெய்தால் ஓடையிலிருந்து வெண்ணுரை பொங்கித் தெருவுக்குள் ஏறுவது பலமுறை செய்தியாயிற்று. அதில் ஆலைக் கழிவுக்கும் பங்குண்டு. வீட்டு டிடர்ஜென்ட்டுக்கும் பங்குண்டு. இதோடு கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் சேர்கிறது. பாலியெஸ்டர், அக்ரிலிக் துணிகள் ஒவ்வொரு துவைப்பிலும் நுண்ணிழைகளை உதிர்க்கின்றன. ஆறு கிலோ அக்ரிலிக் துணியை ஒருமுறை துவைத்தால் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் நீரில் கலக்கக்கூடும் என்று இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வு 2016இல் கணக்கிட்டது. நாம் வாங்கும் துணியில் பருத்தி குறையக் குறைய நம் சாக்கடையில் பிளாஸ்டிக் கூடுகிறது.

மெஷினுக்கு முன்னால் இந்த வேலை யார் கையில் இருந்தது? தமிழ்நாட்டில் அவரை வண்ணார் என்றோம், ஏகாலி என்றோம். சங்கப் பாடல்களில் கஞ்சியிட்டுத் துவைக்கும் பெண் 'புலைத்தி' என்ற பெயரில் வருகிறாள். தெலுங்கில் சாகலி, இன்றைய அரசு ஏட்டில் ரஜக. உவர்மண் கரைத்த நீரில் துணியை ஊற வைத்து, அடுப்பின் மேல் பானையடுக்கி, ஆவியில் வேகவைக்கும் வெள்ளாவி ஒரு நுட்பமான வேதியியல். காரமும் சூடும் சேர்ந்து எண்ணெய்ப் பிசுக்கைப் பிரித்தெடுக்கும். இன்றைய மெஷின் 60 டிகிரியில் செய்வது அதையேதான். யார் வீட்டுத் துணி என்று அறியச் சேங்கொட்டைச் சாறால் குறியிடுவார்கள். நூறு வீட்டுத் துணி கலந்தாலும் ஒரு துண்டு மாறிப்போகாது. படிப்பு மறுக்கப்பட்டவர்கள் தங்களுக்கென்று ஓர் எழுத்தை உண்டாக்கிக்கொண்டார்கள் என்றே நான் அதைப் பார்க்கிறேன்.

இந்த அறிவுக்கு ஊர் கொடுத்த கூலி இழிவு. பிள்ளை பெற்ற வீட்டுத் துணி, சாவு வீட்டுத் துணி, மாதவிலக்குத் துணி எல்லாம் ஒரு சாதியின் கைக்குப் போயின. நிஜாம் ஆட்சிக் காலத் தெலங்கானாவில் பெருநிலக்கிழாரான தேஷ்முக் வீட்டுத் துணியையும், ஊருக்கு வரும் அதிகாரிகளின் துணியையும் கூலியில்லாமல் துவைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்கு 'வெட்டி' என்று பெயர். நம் சோழர் காலக் கல்வெட்டுகளிலும் கூலியில்லா உழைப்புக்கு இதே சொல்தான். அந்த வெட்டிக்கு எதிராக எழுந்தவர்களில் ஒருவர் சாகலி ஐலம்மா. 1940களில் பாலகுர்த்தியில், தான் உழுத நிலத்தையும் அறுத்த நெல்லையும் விஸ்னூர் தேஷ்முக் ராமச்சந்திர ரெட்டிக்கு விட்டுத் தரமாட்டேன் என்று நின்றார். தெலங்கானா ஆயுதப் போராட்டத்தின் முகங்களில் ஒன்றாக ஆனார். 1985இல் மறைந்தார். ஹைதராபாத் கோட்டியில், பழைய பிரிட்டிஷ் ரெசிடென்சி வளாகத்தில் நடக்கும் பெண்கள் பல்கலைக்கழகத்துக்கு 2024இல் தெலங்கானா அரசு அவர் பெயரைச் சூட்டியது. துணி துவைப்பு என்ற தலைப்பில் எழுதும்போது இந்தப் பெயரைச் சொல்லாமல் போவது எனக்குச் சரியாகப்படவில்லை.

வாஷிங் மெஷின் செய்த பெரிய நன்மையை இங்கேதான் வைத்து எடைபோட வேண்டும். என் வீட்டு அழுக்கை இன்னொரு மனிதர் தலையில் சுமந்து ஆற்றுக்குப் போக வேண்டியதில்லை. அழுக்குத் துணிக்கும் சாதிக்கும் இடையே இருந்த கயிற்றை, எவ்வளவு மெதுவாக என்றாலும், இந்த மெஷின் அறுக்கிறது. சட்டங்களும் போராட்டங்களும் செய்ததன் பக்கத்தில் வைத்தாலும் இதைச் சின்ன விஷயமாக நான் எண்ணமாட்டேன்.

சலவைத் தொழிலாளர் அதனால் மறைந்துவிடவில்லை. துவைப்பு போயிற்று, இஸ்திரி எஞ்சியது. அடுக்ககத்தின் தூண்களுக்கிடையே, கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் மேசை போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கும் பெண்மணி எங்கள் கட்டடத்திலும் இருக்கிறார். ஒருநாள் கேட்டேன்: "அக்கா, உங்க வீட்டுத் துணியை யார் துவைக்கிறது?"

"மெஷின்தான் சார். எங்க மாமனார் மூசியில துவைச்சவரு. இப்ப அந்தத் தண்ணியில காலே வைக்க முடியாதே."

2021 ஏப்ரல் முதல் சலவைக் கூடங்களுக்கும் சலவைத் துறைகளுக்கும், முடிதிருத்தகங்களுக்கும் மாதம் 250 யூனிட் மின்சாரத்தைத் தெலங்கானா அரசு இலவசமாகத் தருகிறது. நல்ல திட்டம். ஆனால் இவர் மேசைக்குத் தனி மீட்டர் கிடையாது. இணைப்பு குடியிருப்போர் சங்கத்தின் பெயரில். ஆகவே நிலக்கரிப் பெட்டியோடுதான் நிற்கிறார். சொந்தக் கடை வைக்க முடிந்தவரைப் போய்ச் சேரும் சலுகை, தூண் ஓரத்தில் நிற்பவரை எட்டவில்லை. இதைச் சங்கங்களே நினைத்தால் ஒரு துணை மீட்டரால் பாதியாவது சரிசெய்துவிடலாம்.

நம் நாட்டில் வாஷிங் மெஷின் நடுத்தர வீடுகளுக்குள் வரத் தொடங்கியது 1980களின் பிற்பகுதியில். வீடியோகான் விளம்பரம் தொலைக்காட்சியில் ஓடிய காலம். டிவிஎஸ் குழுமமும் அமெரிக்காவின் வேர்ல்பூலும் கைகோத்துப் புதுச்சேரியில் ஆலை வைத்ததும் அந்தக் காலத்தை ஒட்டித்தான். அன்று அதைப் பெண்களின் விடுதலை என்று விற்றார்கள். எவ்வளவு விடுதலை?

தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் நேரப் பயன்பாட்டு ஆய்வைப் பாருங்கள். 2019இல் சம்பளமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதில் நாளுக்குச் சராசரி 299 நிமிடம் செலவிட்டார்கள். 2024இல் 289 நிமிடம். ஆண்களின் நேரம் 97இலிருந்து 88 ஆனது. ஐந்து வருடத்தில் பெண்ணுக்குக் குறைந்தது பத்து நிமிடம். அவள் சுமையிலிருந்து ஆண் எடுத்துக்கொண்டது எதுவுமில்லை, தன் பங்கிலும் ஒன்பது நிமிடத்தைக் குறைத்துக்கொண்டான். அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய நூலில் இதற்கொரு விளக்கம் இருக்கிறது. மெஷின் வருமுன் வெளியே போய்க்கொண்டிருந்த சலவை, மெஷின் வந்ததும் வீட்டுக்குள் திரும்பிவந்து ஒரே பெண்ணின் தலையில் விழுந்தது. சுத்தத்தின் அளவுகோலும் உயர்ந்துகொண்டே போனது என்பது அவர் வாதம். சிகந்திராபாத்தில் நான் கண்டதும் அதுவே. வாரம் ஒருமுறை மூட்டை கட்டிக் கணக்கெழுதிப் போட்ட காலத்தில் ஒரு சட்டை இரண்டு நாள் தாங்கியது. இப்போது ஒருமுறை உடுத்தியதும் கூடைக்குப் போகிறது. மெஷின் தினமும் ஓடுகிறது.

பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் எங்கள் வீட்டில் துணி காயப்போடும் வேலையை நான் ஏற்றேன். முப்பது வருடம் தாமதம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். மெஷின் நின்றதும் வேலை முடிந்தது என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். உண்மையில் பாதி வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஐந்து கிலோ துணி, அதில் நிற்கும் நீர் மூன்று கிலோ, இரண்டும் சேர்ந்த வாளியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற வேண்டும். ஒவ்வொன்றையும் உதறி, சுருக்கம் நீவி, நிறம் மங்காமலிருக்கச் சட்டையை உள்புறம் திருப்பி, கீழ் விளிம்பில் கிளிப் மாட்ட வேண்டும். கையை மேலே தூக்கியபடி நாற்பது முறை. புடவை என்றால் ஆறு கஜம், ஒன்பது கஜம், காற்றோடு போராட்டம். பிறகு எடுக்க வேண்டும், மடிக்க வேண்டும், யாருடையது எது என்று பிரிக்க வேண்டும். முதல் வாரம் தோள் வலித்தது. இந்தத் தோள்வலியோடு என் தாயும் மனைவியும் எத்தனை வருடம் இருந்திருப்பார்கள்!

காயவைப்பதுதான் இந்த முழுக் கேள்வியின் கடினமான பகுதி என்று நம் பழைய கதை ஒன்றுக்கே தெரிந்திருக்கிறது. சேக்கிழாரின் பெரியபுராணத்தில் வரும் திருக்குறிப்புத் தொண்டர் காஞ்சிபுரத்து ஏகாலி. சிவன் கிழவனாக வந்து அழுக்குக் கந்தையைக் கொடுத்து, மாலைக்குள் துவைத்துக் காயவைத்துத் தந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் குளிரில் இறந்துபோவேன் என்கிறார். துவைத்தாயிற்று. மழை பிடித்துக்கொண்டது. விடவில்லை. சொன்ன சொல் காக்க முடியாத வேதனையில் துவைக்கும் கல்லிலேயே தலையை மோதப் போகிறார் தொண்டர். துவைப்பதில் அவருக்குத் தோல்வி இல்லை. ஈரத்தின் முன்தான் அவர் தோற்றார். ஜூலை மாதத்தில் பள்ளிச் சீருடையை மின்விசிறிக்குக் கீழே பிடித்துக்கொண்டு நின்ற எந்தத் தாய்க்கும் அந்தத் தவிப்பு புரியும்.

டிரையர் அந்தத் தவிப்புக்கு விடை சொல்கிறது. என்ன விலையில்? ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க, வேறு எந்த இழப்பும் இல்லாமலேயே, ஏறக்குறைய 0.67 யூனிட் ஆற்றல் வேண்டும். மாற்ற முடியாத இயற்கைக் கணக்கு இது. ஐந்து கிலோ துணியை நிமிடத்துக்கு 1,200 சுற்று வேகத்தில் பிழிந்தால் சுமார் இரண்டரை லிட்டர் நீர் துணியில் மிஞ்சும். டாப் லோடின் 700 சுற்றில் மூன்றரை லிட்டருக்கு மேல் நிற்கும். ஆகவே டிரையர் செலவு டிரையரில் தொடங்குவதில்லை, வாஷிங் மெஷினின் ஸ்பின்னில் தொடங்குகிறது. ஹீட்டர் வகை டிரையர் இந்தச் சுமைக்கு இரண்டரை யூனிட்டாவது எடுக்கும். ஹீட் பம்ப் வகை, ஏசியின் தத்துவத்தில் வெப்பத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதால், பாதியில் முடிக்கும், விலை அதிகம். மாதம் பதினாறு முறை ஓட்டினால் ஹீட்டர் வகைக்கு நாற்பது யூனிட். 400 யூனிட்டுக்கு மேல் ஓடும் வீட்டில், யூனிட் ஒன்பதரை ரூபாய் என்ற படிநிலையில், 380 ரூபாய் கூடும். வசதியுள்ளவருக்கு அது பெரிதில்லை. தெலங்கானா அரசின் கிருஹ ஜோதி திட்டத்தில் 200 யூனிட்டுக்குள் நின்று பூஜ்ய ரசீது வாங்கும் வீட்டை அதே நாற்பது யூனிட் அந்தக் கோட்டைத் தாண்ட வைத்துவிடக்கூடும்.

ரசீதில் தெரியாத செலவுகளும் உண்டு. வெளிக்குழாய் இல்லாத கண்டென்சர் வகை, தான் எடுத்த மின்சாரத்தையெல்லாம் வெப்பமாக வீட்டுக்குள்ளேயே விடும். மே மாதத்தில் அந்த வெப்பத்தை வெளியேற்ற ஏசி மறுபடி மின்சாரம் தின்னும். துவைப்பதும் உலர்த்துவதும் ஒரே டிரம்மில் என்று வரும் கூட்டு மெஷின்கள் எட்டுக் கிலோ துவைத்தால் ஐந்து கிலோதான் உலர்த்தும். இதைக் கடையில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. முழுச் சுமையையும் உலர்த்தக் கொடுத்துவிட்டு, ஈரமும் கசங்கலுமாக வெளியே எடுத்து வருந்துவார்கள். அவற்றில் பல, ஆவியைக் குளிர்விக்கக் குழாய்த் தண்ணீரையே ஓடவிடுகின்றன. டேங்கர் வாங்கும் ஊரில் துணி உலர்த்தத் தண்ணீர் செலவிடுவதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. சிகந்திராபாத்தின் பழைய வீடுகளில் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இவையெல்லாம் இரண்டு கிலோவாட்டை ஒட்டிய சுமைகள். 16 ஆம்பியர் சாக்கெட்டும் சரியான எர்த்தும் இல்லாமல், எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகவே கூடாது.

பிறகு துணி. டிரையரின் வடிகட்டியில் ஒவ்வொரு முறையும் சாம்பல் நிறப் பஞ்சு படிந்திருக்கும். அது வேறெங்கிருந்தும் வரவில்லை. உங்கள் துண்டும் வேட்டியும் இழந்த உடம்பு அது. அதை ஒவ்வொரு முறையும் எடுத்தாக வேண்டும், சேர்ந்தால் தீப்பிடிக்கும். பருத்தி சூட்டில் சுருங்கும், எலாஸ்டிக் தளரும். போச்சம்பள்ளி இக்கத், நாராயண்பேட், கத்வால் என்று இந்த மண்ணின் கைத்தறிகளை வாங்கிவிட்டு டிரையரில் போடுவது நெய்தவர் கைக்குச் செய்யும் அநியாயம். அவற்றுக்கு நிழலும் காற்றும் போதும். துண்டு, படுக்கை விரிப்பு, குழந்தைத் துணி, தடித்த ஜீன்ஸ் ஆகியவை டிரையரைத் தாங்கும்.

அப்படியானால் டிரையர் யாருக்கு? கைக்குழந்தை உள்ள வீடு, படுக்கையில் முதியவர் உள்ள வீடு, கையைத் தூக்க முடியாத உடல்நிலை, வெயிலே எட்டாத உள்பக்க வீடு. இவர்களுக்கு அது ஆடம்பரம் இல்லை, தேவை. வாங்கட்டும், முடிந்தால் ஹீட் பம்ப் வகையாக வாங்கட்டும். வீட்டுக்குள் ஈரத்துணி நாள்கணக்கில் தொங்கினால் சுவரில் பூஞ்சை பிடிக்கும். மழைக்காலத் துணியின் முடைநாற்றத்துக்கு மொராக்செல்லா என்ற நுண்ணுயிர் காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012இல் காட்டினார்கள். துணி ஈரமாக இருக்கும் நேரத்தைக் குறைப்பதே அதற்கு வழி. மற்றவர்கள் ஒரு தடவை கூடுதலாக ஸ்பின் கொடுத்து, துணிக்கும் துணிக்கும் நான்கு விரல் இடைவெளி விட்டு, விசிறியைப் போட்டாலே மழை வாரங்களைக் கடத்திவிடலாம்.

ஏனென்றால் இந்த ஊருக்கு மழை வாரங்கள் குறைவு. ஆண்டுக்கு ஏறக்குறைய 800 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பங்கு ஜூன் முதல் செப்டம்பருக்குள். சென்னையின் கடற்காற்று ஈரம் இங்கே இல்லை. நவம்பரிலிருந்து மே வரை காற்று உலர்ந்து கிடக்கிறது. ஏப்ரல் மதியத்தில் மெல்லிய பருத்திச் சட்டை அரைமணியில் சலசலக்கும். ஆண்டுச் சராசரியில் ஒரு சதுர மீட்டர் மொட்டை மாடியில் ஒரு நாளில் விழும் வெயிலின் ஆற்றல் ஐந்து யூனிட்டுக்கு மேல். ஒரு டிரையர் சுமைக்கு வேண்டியதைப்போல் இரண்டு மடங்கு. கட்டணம் இல்லை, சத்தம் இல்லை, துணியில் பஞ்சு உதிர்வதும் இல்லை.

இருந்தும் இந்த வெயில் பலருக்குக் கிடைப்பதில்லை. மேற்கு ஹைதராபாத்தில் எழும் உயரக் கட்டடங்கள் பலவற்றில் மொட்டை மாடிக்குப் பூட்டு. பால்கனியில் துணி தொங்கினால் கட்டடத்தின் அழகு கெடும் என்று விதி, மீறினால் அபராதம். இருபது மாடிக்கு வெயில் அடிக்கும் ஊரில், அந்த வெயிலைப் பூட்டிவைத்துவிட்டு உள்ளே இருக்கிறவரை டிரையர் வாங்க வைக்கிறோம். அமெரிக்காவில் குடியிருப்புச் சங்கங்கள் கொடிக்கயிற்றைத் தடைசெய்தபோது, ஃபுளோரிடா, கொலராடோ, மெய்ன், வெர்மான்ட் போன்ற மாநிலங்கள் அந்தத் தடை செல்லாது என்று சட்டமே இயற்றின. வீடு தோறும் டிரையர் வைத்துப் பழகிய நாடு வெயிலில் காயவைப்பதைச் சட்டம் போட்டுக் காக்கிறது. கொடி கட்டியே வளர்ந்த நாம் அதை அசிங்கம் என்று பூட்டுகிறோம். துவைத்த துணி எந்தக் கட்டடத்துக்கும் அவமானம் ஆகாது.

ஆகவே புதிதாகக் குடிவரும் நண்பர்களுக்கு என் பதில் இது. தண்ணீர் அழுத்தம் இருந்தால் 1,200 சுற்றாவது உள்ள ஃப்ரண்ட் லோடு வாங்குங்கள். இல்லாவிட்டால் செமி ஆட்டோமேட்டிக் போதும். மாதம் ஒருமுறை நிம்ம உப்பு போடுங்கள். டிரையர் பணத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஒரு வருடம் பாருங்கள். வாளியை வீட்டு ஆண் தூக்கட்டும். உங்கள் குடியிருப்போர் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது இரண்டு கோரிக்கைகளை எழுத்தில் கொண்டுபோங்கள்: கீழே தேய்க்கும் அக்காவின் மேசைக்கு ஒரு துணை மீட்டர், மேலே மொட்டை மாடியில் ஆளுயரத்துக்குக் கம்பி நட்டு நான்கு கொடி. மாடிக் கதவின் சாவி காவலரிடம் இருக்கும். காலை ஏழு மணிக்குத் திறந்துவிடச் சொல்லுங்கள்.